எலுமிச்சை மரத்து ரோஜா

தும்பமலைத் தோட்டம்,
பூனாகலை வழி.
14.06.2024

றுஸைனாவுக்கு,

'அன்புள்ள' என்று போட வந்த கையை இழுத்துக்கொண்டேன். நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். பண்டாரவளையில் நடந்த காணிக் கூட்டத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நான் சத்தம் போட்டது உனக்கு அவமானமாக இருந்திருக்கும், தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. கடிதம் என்றால் நீ பாதியில் எழுந்து போனாலும் திரும்பி வந்து மீதியை வாசிக்கலாம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. மீரியபெத்தவில் மண் சரிந்த பிறகு ஆய்வுக்கு வந்தவர்கள், இங்கே குடியிருக்கக் கூடாது என்று சிவப்புப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். எங்கே போய்க் குடியிருப்பது என்று அந்தப் பலகையில் எழுதவில்லை. அடைமழை எச்சரிக்கை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகிறோம். விடிந்ததும் அந்தப் பாய்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே மண்டபத்தில் நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன வருஷம் பூனாகலைப் பக்கம் மண் இறங்கியதில் இருந்து மேனுஷா சாதாரணத் தூறலுக்கே புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். என் பன்னிரண்டு வயது மகளுக்கு மழை என்றால் பயம்.

ஓடைக்கரையில் தேயிலையைக் கைவிட்டதால் காடாகிப்போன ஒரு துண்டு நிலம் இருக்கிறது. தோட்டத்தில் சரிவில்லாத இடம் அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ஜெயராசா பிடித்த பிடி விடாதவர் என்று உனக்குத் தெரியும். வீட்டுக் கமிட்டி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, அரசாங்கக் கச்சேரிக்கும் தோட்டக் கம்பனிக்கும் செருப்புத் தேய நடந்து, அந்த நிலத்தில் எங்களுக்கு வீடு கட்டச் சம்மதம் வாங்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் உன் வண்ணத்துப்பூச்சி வந்து சேர்ந்தது.

உன்னை அந்த ஓடைக்கரைக்குக் கூட்டிப் போனதே நான்தான். தேத்தண்ணீர்ப் பிளாஸ்கையும் நான்தான் சுமந்தேன். நீ எடுத்த படம் கொழும்பு வண்ணத்துப்பூச்சிச் சங்கத்தின் புத்தகத்தில் உன் பெயரோடு வந்தபோது, அருகிப்போன 'இலங்கை ரோஜா' எங்கள் பக்கத்திலும் பறக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமை பேசினேன். பிறகு சூழல் காரியாலயத்தில் இருந்து ஓலை வந்தது. அரிய இனம் வாழும் இடம், மண் வெட்டக் கூடாது. காணி கொடுக்க மனமில்லாத கம்பனிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் இராக்கம்மா என்னிடம் கேட்டாள்: "பூச்சிக்கு எடம் இருக்குதாம் டீச்சர், நமக்குத்தான் இல்லியாம். நெசமா?"

ஐப்பசி மழைக்கு முன்னால் நாங்கள் அங்கே போயாக வேண்டும். அது அந்தப் பூச்சிதான் என்று உனக்கு நிச்சயமா? நிச்சயம் இல்லை என்றால் அதை எழுதிக் கொடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சந்திரகாந்தி

*

பதுளை.
25.06.2024

சந்திரகாந்திக்கு,

நீ இழுத்துக்கொண்டதை நானும் போடவில்லை.

கூட்டத்தில் நீ சொன்னதை மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "ஒம் பூச்சியக் கொண்டுபோயி ஒங்க கடைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிக்க." பின் வரிசையில் சிரித்தார்கள். உயர்தர வகுப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்து தவளையை அறுத்தவர்கள் நாம். என் முன்னால் தனியாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு விட்டிருப்பேன்.

மாமி கட்டிலில் விழுந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு பக்கம் கைகால் விளங்காது. விடிந்தால் அவவைப் புரட்டிப் போட்டுத் துடைத்து, உணவு கொடுத்து, பிறகு கடைக்குப் போய் யாரோ விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போன சாரிகளை மடித்து அடுக்கி, திரும்ப வந்து மறுபடியும் மாமியைப் புரட்ட வேண்டும். உன் கடிதத்தை மூன்று தவணையாக வாசித்தேன்.

நிச்சயமா என்று கேட்கிறாய். பின் இறக்கையில் வெள்ளைத் திட்டு அகலமாக இருக்கிறது. ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. ஊரெல்லாம் பறக்கும் சாதாரண ரோஜாவுக்கு அந்த வெள்ளை சின்னது, உருவமும் சின்னது. கொழும்பில் இந்த வேலையிலேயே தலை நரைத்தவர்கள் படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு அது என்ன என்பதையும் தெரிந்துகொள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம். ஸரூக் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் நான் 'பூச்சிக்காரி'. விருந்தாளி வந்தால் என் கமராவைப் பற்றி ஒரு பகிடி சொல்லித்தான் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். அந்தப் புத்தகம் வந்த பிறகு ஸரூக் அந்தப் பக்கத்தைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பட்டுச் சாரி வாங்க வந்தவர்களிடம் "எங்கட வீட்டுக்காரி கண்டு பிடிச்சது" என்று காட்டினார். என் பெயர் அச்சில் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். நிச்சயம் இல்லை என்று எழுதுவது உனக்கு ஒரு வரி.

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய தோட்டத்தில் வேறு காணியே கிடையாதா?

றுஸைனா

*

தும்பமலை.
21.07.2024

றுஸைனாவுக்கு,

வேறு காணி என்று சுலபமாக எழுதிவிட்டாய். கொழுந்து எடுக்கும் மலையைக் கம்பனி தராது. தருவதாகச் சொல்லும் இடமெல்லாம் எங்கள் லயத்தைவிட மோசமான சரிவு. போகட்டும், அதைப் பற்றிச் சண்டை பிடிக்க எனக்கு இன்று தெம்பில்லை. மாமியைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கூட்டத்தில் சத்தம் போட்டிருப்பேன், ஆனால் கடைப் பெட்டிப் பேச்சை விட்டிருப்பேன்.

உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் இந்தக் காரியத்தைத் தொடங்கினேன். அதை மறைக்கவில்லை.

அந்த ஓடைக்கரையில் முன்பு ஒரு லயம் இருந்ததாம். அது அழிந்துபோய், அங்கே இருந்தவர்கள் வீட்டுப் பின்னால் வைத்த எலுமிச்சை மரங்கள் மட்டும் காட்டோடு காடாக நிற்கின்றன. அவற்றில் ஒரு மரத்தில், ஒரே கொப்பில், பச்சைப் புழுக்களைப் பிடித்தேன். தொட்டால் தலையில் இருந்து சிவப்பாக ஒரு கவட்டை நீட்டி நாறுமே, அதுதான். ஹோர்லிக்ஸ் போத்தல்களில் போட்டு, வாயில் நுளம்பு வலைத் துண்டு கட்டி, வகுப்பு ஜன்னலில் வைத்தோம். பிள்ளைகள் இலை போட்டார்கள். கூடு கட்டின. ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி, கறுப்பில் வெள்ளைப் பொட்டு வரிசை. பெண்களில் ஒன்று அப்படியே ஆணைப் போல இருந்தது. இன்னொன்றைப் பார்த்து நான் போத்தலைக் கீழே வைத்துவிட்டேன். பின் இறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பு, வால். ரோஜாவேதான். எலுமிச்சை இலை தின்ற புழுவில் இருந்து ரோஜா. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருத்தி அப்பனை உரித்து வைத்திருக்கிறாள், ஒருத்தி அடுத்த லயத்துக்காரியைப் போல இருக்கிறாள் என்று லயத்துப் பெண்கள் பகிடி பண்ணினார்கள்.

நாம் வகுப்பில் படித்ததுதான். ரோஜா நஞ்சுள்ள கொடியைத் தின்று வளர்கிறது, பறவை அதைத் தொடாது. இந்த எலுமிச்சைப் பூச்சிக்கு நஞ்சு கிடையாது, அதனால் ரோஜாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. ஆனால் இறக்கைக்குப் போட்ட வேஷத்தை உடம்புக்குப் போட மறந்துவிட்டது. உண்மையான ரோஜாவுக்கு உடம்பு சிவப்பு. என் போத்தலில் வந்ததற்கு உடம்பு கறுப்பு.

பிறகு உன் படத்தை எடுத்துப் பார்த்தேன். இறக்கை அழகாக விரிந்திருக்கிறது. உடம்பு இலை நிழலுக்குள் கிடக்கிறது. உடம்பு என்ன நிறம், றுஸைனா?

சந்திரகாந்தி

*

பதுளை.
03.08.2024

அன்புள்ள காந்திக்கு,

உடம்பின் நிறம் எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே படத்தைக் கணினியில் போட்டுப் பெருப்பித்துப் பார்த்தேன். பெருப்பிக்கப் பெருப்பிக்க நிழல்தான் பெரிதானது. சங்கத்துக்காரர்கள் படம் கேட்கும்போது இறக்கையின் மேல் பக்கம் முழுதும் தெரிய வேண்டும் என்பார்கள். அதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நேர் மேலே இருந்து எடுத்தேன். அவர்களும் இறக்கையைப் பார்த்தே பெயர் சொன்னார்கள். எலுமிச்சைப் பூச்சியில் பெரிய பெண் ஒன்று அகல வெள்ளையோடு வந்தால், மேலே இருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுதான். நான் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், காந்தி. முதலில் உடம்பைப் பார், பிறகு இறக்கையைப் பார் என்று. என் பூச்சி என்று வந்தபோது இறக்கையைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

படத்தில் உடம்பு தெரியவில்லை என்று சங்கத்துக்கு எழுதிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அன்று மாமிக்குக் கஞ்சி கருகிப்போனது.

ஆனால் உடம்பு தெரியவில்லை என்பதால் அது ரோஜா இல்லை என்றும் ஆகாது. ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டால் மனம் சமாதானமாகும். ரோஜாவின் புழு ஈசுரமூலிக் கொடியைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காது. சிங்களவர்கள் 'சப்சந்த' என்று மருந்துக்கு எடுப்பார்களே, அதுதான். இலையைக் கசக்கினால் ஒரு நெடி அடிக்கும். காய் பழுத்துக் காய்ந்தால் தலைகீழாகத் தொங்கும் சின்ன உறியைப் போல வெடித்திருக்கும். ஓடைப் பக்கம், வேறு மரத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். அந்தக் கொடி அங்கே இல்லாவிட்டால் ரோஜாவும் இல்லை. நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இருந்தால், நாம் இருவரும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

தேடிப் பார்த்துச் சொல். உன் கண்ணை நம்புகிறேன்.

றுஸைனா

*

தும்பமலை.
19.08.2024

அன்புள்ள றுஸைனாவுக்கு,

கொடி இருந்தது. இப்போது இல்லை.

லயத்துக்குக் கடிதம் வந்தால் அது ஒருவருக்கு வருவதில்லை என்று உனக்குத் தெரியும். யார் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலாவது உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். காணி விஷயமாகப் பதுளையில் இருந்து வந்த கடிதம் என்றால் விடுவார்களா? உன் வீட்டு விஷயத்தையெல்லாம் விட்டுவிட்டு, பூச்சியைப் பற்றி எழுதியதை மட்டும் வாசித்தேன். கொடியின் இலை, நெடி, காய், எல்லாவற்றையும் ஒரு டீச்சர் விளக்குவதைப் போல நன்றாகவே விளக்கினேன்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மேனுஷாவோடு போய்த் தேடினேன். ஓடை வளையும் இடத்தில் ஒரு கொய்யா மரம் முழுக்கப் படர்ந்திருந்தது. நீ சொன்ன உறி கூடத் தொங்கியது. இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். ஜெயராசா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டுப் போய்ப் பார்த்தபோது கொய்யா மரம் மொட்டையாக நின்றது. கொடியை அடியோடு வெட்டி இழுத்துக் குவித்து வைத்திருந்தார்கள். மற்ற இரண்டு இடத்திலும் அப்படித்தான். இலை வாடிப்போய்க் கிடந்தது. யார் வெட்டியது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, யாரும் மறைக்கவும் இல்லை. எங்கள் வீட்டு அடுப்புக்குப் பின்னால் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி கழுவித் துடைத்து வைத்திருந்தது. கவ்வாத்து வேலை இந்த மாதம் கிடையாது.

அவரோடு ஒரு வாரமாகப் பேசவில்லை. இராக்கம்மாதான் வந்து உட்கார்ந்தாள். "கொடியத்தானே டீச்சர் வெட்டுனாங்க. நம்ம புள்ளைக செத்தா யாரு வந்து கேப்பா?" என்றாள். அவளுடைய மகன் குடும்பம் வெடிப்பு விட்ட சுவரை ஒட்டித்தான் படுக்கிறது.

'கொடி இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் நீ நம்பியிருப்பாய். அதை எழுதித்தான் முதலில் உறையில் போட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

காந்தி

*

பதுளை.
27.08.2024

காந்திக்கு,

அந்தப் பூச்சி எதனால் உயிர் வாழ்கிறது என்று நான் சொல்லிக் கொடுத்தேன். நீ அதை வாசித்துக் காட்டினாய். அவர்கள் வெட்டினார்கள். மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலை இது. உன்னை மட்டும் திட்ட வழியில்லாமல் இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மாமியைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் முஷ்ரிபா இரண்டு நாள் வந்து நிற்கிறேன் என்றிருக்கிறாள். வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். ஓடைக்கரையில் என்னோடு யாரும் நிற்க வேண்டாம். உன் வீட்டுக்காரர் என் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது.

றுஸைனா

*

பதுளை.
12.09.2024

அன்புள்ள காந்திக்கு,

வந்து சேர்ந்ததும் எழுத நினைத்தேன். மாமிக்குச் சளி பிடித்து ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தேன். இப்போது பரவாயில்லை.

உன் வீட்டில் இருந்தபோது உன்னிடம் சொல்லாத சிலதை எழுதுகிறேன். ஓடைக்கரையில் இரண்டு நாளும் பறந்ததில் ரோஜாவைப் போல இருந்த ஒவ்வொன்றையும் வலையில் பிடித்து உடம்பைப் பார்த்தேன். கறுப்பு. இன்னொன்றும் கறுப்பு. எல்லாமே எலுமிச்சைப் பூச்சிகள்தான். பிடித்து, பார்த்து, விட்டு, பிடித்து, கடைசியில் கை ஓய்ந்து அந்த மொட்டைக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது உன் வீட்டுக்காரர் வந்தார். கண்ணில் படக் கூடாது என்று நான் எழுதியதை அவரும் கேட்டிருப்பார்தானே, லயத்துக் கடிதம். தூரத்தில் ஒரு பிளாஸ்கையும் தின்ன இரண்டு பணிசையும் வைத்துவிட்டு, "மன்னிச்சிருங்கன்னு கேக்க மாட்டேன் தங்கச்சி. மறுபடியும் வெட்டச் சொன்னாலும் வெட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் களைப்பாக இருந்தது.

அன்று சாயந்திரம் மழை எச்சரிக்கை வந்ததும் நானும் உங்களோடு பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். போகும் வழியில் இராக்கம்மா என் கையைப் பிடித்து, அவள் வீட்டுச் சுவர் வெடிப்புக்குள் நுழைத்துக் காட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் போனது. உள்ளே ஈர மண். மேனுஷா மண்டபத்தில் சப்பாத்தைக் கழற்றாமல் படுத்தாள். ஏன் என்று கேட்டேன். ஓட வேண்டி வரும் என்றாள்.

சங்கத்துக்கும் சூழல் காரியாலயத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'என் படத்தில் உடம்பு தெரியவில்லை. அதே இடத்தில் மறுபடி பார்த்தபோது பிடிபட்டவை எல்லாம் கறுப்பு உடம்புள்ள எலுமிச்சைப் பூச்சிகள். இலங்கை ரோஜா என்ற என் பதிவை மீளப் பெறுகிறேன்.' ஒரு வரி கூடப் பொய் இல்லை. கொடி இருந்ததையும் வெட்டப்பட்டதையும் எழுதவில்லை.

சங்கத்தில் இருந்து நன்றி சொல்லி இரண்டு வரி வந்தது. அடுத்த கூட்டத்தில் நான் பேசுவதாக இருந்தது, அது பட்டியலில் இருந்து போய்விட்டது. ஸரூக் கல்லாப் பக்கத்துக் கண்ணாடியைத் தூக்கி அந்தப் பக்கத்தை எடுத்தார். "இத்தன நாளும் பொய்யயா எல்லாருக்கும் காட்டினேன்?" என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த இடத்தில் இப்போது கடன் சொல்ல வேண்டாம் என்ற அறிவித்தல் இருக்கிறது.

உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. அந்தப் பிள்ளையின் சப்பாத்துக்காகச் செய்தேன். உனக்காகவும்தான்.

றுஸைனா

*

தும்பமலை.
14.10.2024

அன்புள்ள றுஸைனாவுக்கு,

காணி கிடைத்துவிட்டது. கம்பனிக்கு வேறு சாக்கு அகப்படுவதற்குள் ஜெயராசா கச்சேரிக்காரர்களைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். ஆயுத பூசைக்கு முந்தின நாள் வந்து அளந்து முளை அடித்தார்கள். வீடு எப்போது எழும்புமோ, அதுவரைக்கும் அங்கேயே தகரக் கொட்டகை போட்டுக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார்கள். லயமே சிரித்தது. இராக்கம்மா உனக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து வைத்து, நீ வரவில்லை என்று தெரிந்த பிறகு பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தாள்.

இத்தோடு கடிதத்தை முடித்துவிடத்தான் ஆசை.

முளை அடித்த மறுநாள் நான் தனியாக அங்கே போனேன், எங்கள் துண்டு எது என்று பார்க்க. அந்தக் கொய்யா மரத்தைச் சுற்றி ஒன்று பறந்துகொண்டிருந்தது. அவசரம் இல்லாமல், சும்மா மிதப்பதைப் போல. ஒவ்வொரு இலையாக இறங்கி, காலால் தொட்டுப் பார்த்து, எழும்பி, அடுத்த இலைக்குப் போனது. கொய்யா இலை, புல், செடி, ஒன்று விடாமல். முட்டை இட இடம் தேடும் பெண் அப்படித்தான் செய்யும் என்று நீ எனக்குக் காட்டியிருக்கிறாய். அது எதைத் தேடியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தேடியது.

அன்று பின்னேரம் பெருமழை. அடுத்த நாள் போனபோது எலுமிச்சை மரத்தடியில் சேற்றில் கிடந்தது. உயிர் இல்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

உடம்பு சிவப்பு. சாதாரண ரோஜாவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வகுப்பில் பாடத்துக்கு வைத்திருந்த காய்ந்த சாதாரண ரோஜாப் பூச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இது அதைவிடப் பெரிது. வெள்ளைத் திட்டும் அகலம். இதற்கு மேல் பெயர் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பஞ்சு வைத்துச் சவர்க்காரப் பெட்டி ஒன்றில் போட்டு இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஜெயராசாவிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவும் இல்லை. நீ என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று எழுத நினைத்தேன், ஆனால் அது பொய். எனக்கு வீடு வேண்டும். கொட்டகைக்குக் கால் நட்டாயிற்று. நீ மறுபடியும் எழுதிக் கொடுத்தால் அந்தக் கால்களைப் பிடுங்க வேண்டி வரும். ஆனால் உனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு அந்தக் கூரைக்குக் கீழே என்னால் படுக்க முடியாது. உன் பெயரை நீ அழித்துக்கொண்ட இடத்தில்தான் அந்த முளையை அடித்திருக்கிறார்கள்.

காந்தி

*

பதுளை.
22.10.2024

அன்புள்ள காந்திக்கு,

ஸரூக் கடைக்குப் போய், மாமி கண் அசந்த பிறகு, முன் அறை ஜன்னலடியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். முதலில் உடம்பைத்தான் பார்த்தேன். பிறகு இறக்கையை விரித்தேன். வெள்ளையின் அகலத்தை அளந்தேன், சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன், சந்தேகம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணாடி வைத்துத் தேடினேன். இல்லை.

இலங்கை ரோஜாதான், காந்தி. உங்கள் ஓடைக்கரையில் அது இருந்திருக்கிறது. நான் எடுத்த படமும் அதுவாகவே இருந்திருக்கலாம். அது அங்கே வாழ்ந்தது என்பது இப்போது எனக்கு நிச்சயம். உயிரியலில் நான் சரியாகச் சொன்ன ஒரே பெரிய விஷயம் இது, அதைச் சொல்லிச் சந்தோஷப்பட உன்னைத் தவிர எனக்கு ஆள் கிடையாது. ஸரூக்கிடம் சொன்னால் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து மறுபடி கண்ணாடிக்கு அடியில் வைப்பார். அந்த ஆசையோடு இரண்டு நாள் இருந்தேன். மாமியைப் புரட்டும்போதும் சாரி மடிக்கும்போதும் அதே நினைப்புத்தான். சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதவும் செய்தேன். மிக நல்ல கடிதம். இப்படி நல்லதாக நான் எழுதியதே இல்லை.

இன்று காலையில் வானொலியில் ஊவாவுக்கு அடைமழை எச்சரிக்கை சொன்னார்கள். அந்தக் கடிதத்தையும் பெட்டியையும் அடுப்பில் வைத்தேன். காய்ந்த இறக்கை, ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அழுகை வந்தது, அழுதேன். மாமி உள்ளே இருந்து என்ன புகை என்று கேட்டா. கஞ்சி பொங்கிவிட்டது என்றேன்.

பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வைத்தது நான்தான், ஆனாலும் யார் கேட்டாலும் கடிதம் மட்டும்தான் வந்தது, பெட்டி வந்து சேரவில்லை. கொழும்பில் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், கச்சேரியில் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். இனிமேல் நீயே வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், அதனால் கேட்காதே.

மழை இறங்க முன்னால் தகரத்தை அடித்துவிடச் சொல்.

றுஸைனா